வயரின் மறுமுனை

இந்தப் பழைய படகை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஒன்பதரை மீட்டர் நீளம், ஃபைபர் உடல், ஒற்றைப் பாய்மரம். 1984-இல் கட்டியது. எனக்கு முன்னால் குறைந்தது நான்கு பேர் கைமாறி வந்திருக்கிறது. சாவியைக் கொடுத்தபோது விற்றவர் "எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் இருக்கு" என்றார். இருக்கிறது என்றுதான் சொன்னார். வேலை செய்கிறதா என்று நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை படகுத்துறையில் நின்று அண்ணாந்து பார்த்து எண்ணினேன். பாய்மர உச்சியில் மூன்று பொருள்கள். பின்பக்கக் கைப்பிடிக் கம்பியில் நான்கு. பாய்மரத்தின் பாதி உயரத்தில் ஒரு வெள்ளைக் குடம், அதற்கு மேலே ஒரு வெள்ளை உருளை. பாய்மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் எஃகு வடத்தில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கொட்டை மாதிரி இரண்டு முடிச்சுகள். கீழே அறைக்குள் போனால் வரைபட மேசையைச் சுற்றி ஏழு பெட்டிகள், அவற்றின் பின்னால் ஒரு வயர்க்காடு. மேசை மூடியைத் தூக்கியபோது அதன் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிய எண்கள் தெரிந்தன. ஒரு வரிக்கு இரண்டு எண், மொத்தம் பதினெட்டு வரி. பழைய போன் நம்பர்கள் போல என்று நினைத்து மூடிவிட்டேன்.

முதல் வாரமே ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். பின்பக்கக் கம்பியில் இரண்டரை மீட்டர் உயரத்தில் ஒரு வெள்ளைக் கம்பி நின்றது. பார்த்தவுடன், அருகிலிருக்கும் கப்பல்களோடும் கரையோடும் பேசும் வி.எச்.எஃப். ரேடியோவின் ஆண்டெனா என்று முடிவு கட்டினேன். உச்சியில் இருந்த மெல்லிய கம்பி எதற்கும் இணைக்காமல் விட்டுப்போன பழசு என்றும் நானாகவே தீர்மானித்தேன். பாய்மரத்தின் அடியில் அதன் கேபிள் வெளியே வரும் இடத்தில் கட்டரை வைத்தபோது, கூட வந்திருந்த அண்ணன் கையைப் பிடித்தார். அவர் கப்பல்களில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, அதோட மறுமுனை எங்க போகுதுன்னு பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. அன்று மாலை வரை இருவரும் தரைப்பலகைகளைக் கழற்றி அந்தக் கேபிளைப் பின்தொடர்ந்தோம். அது நேராக வி.எச்.எஃப். ரேடியோவின் முதுகில் போய் முடிந்தது. படகின் உயிர்காக்கும் ஒரே வயரை நான் வெட்டியிருப்பேன்.

அதற்கப்புறம் ஒரு முறை வைத்துக்கொண்டோம். எதையும் கழற்றும் முன் போட்டோ எடுப்பது. ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதிய துணிநாடாவைச் சுற்றுவது. கேபிளின் மேலுறையில் அச்சிட்டிருப்பதை டார்ச் அடித்து வாசிப்பது. இந்த மூன்றாவதை நான் முன்பெல்லாம் கவனித்ததே இல்லை. ஆர்.ஜி.58, ஆர்.ஜி.213 என்று எழுதியிருந்தால் அது 50 ஓம் கேபிள், ரேடியோவுக்கானது. ஆர்.ஜி.59, ஆர்.ஜி.6 என்றால் 75 ஓம், பெரும்பாலும் டிவிக்கானது. ஒரே உறைக்குள் பத்துப் பன்னிரண்டு வண்ண வயர்கள் இருந்தால் அது பெரும்பாலும் ரேடார். பெட்டியின் பெயர்ப்பலகை அழிந்திருக்கலாம், பெயின்ட் பூசியிருக்கலாம். கேபிள் மேல் அச்சிட்ட எழுத்து முப்பது வருடம் கழித்தும் அப்படியே இருக்கிறது.

சரி, மேலே இருப்பதை எப்படி அடையாளம் காண்பது? அண்ணன் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு கணக்கு. 300-ஐ அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வந்துவிடும். கடல் வி.எச்.எஃப். ரேடியோவில் அழைப்புக்கும் ஆபத்துக்குமான 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். வகுத்தால் சுமார் 1.91 மீட்டர், அதில் பாதி 96 சென்டிமீட்டர். பாய்மர உச்சியில் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான கம்பி நின்றால் அது அரை அலை வி.எச்.எஃப். ஆண்டெனா என்று கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வெட்டப்போனேனே, அதுதான் இது. கப்பல்கள் தங்கள் பெயரையும் இடத்தையும் தாமாகவே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி வேலை செய்வது 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸில். பக்கத்து வீடு மாதிரி. அதனால் ஏ.ஐ.எஸ். ஆண்டெனாவும் பார்க்க அச்சாக இப்படியே இருக்கும். மறுமுனையைப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும்.

ஜி.பி.எஸ். அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். அலைநீளமே 19 சென்டிமீட்டர்தான், கால் பங்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. அதனால்தான் அது உள்ளங்கையில் அடங்கும் காளானாக இருக்கிறது. அந்தக் காளானை உச்சியில் வைக்காமல் தாழ்வான கைப்பிடிக் கம்பியில் வைப்பதற்கும் காரணம் உண்டு. அலையில் படகு சாயும்போது பாய்மர உச்சி பல மீட்டர் இப்படியும் அப்படியும் வீசும். நின்ற இடத்தில் நிற்கும் படகு ஓடுவதாக ஜி.பி.எஸ். கணக்குப் போட்டுவிடும். வி.எச்.எஃப். கதை நேரெதிர். அது நேர்கோட்டில் போகும் அலை, எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம். 16 மீட்டர் உயரத்திலிருந்து ரேடியோ தொடுவானம் கிட்டத்தட்ட 9 கடல் மைல், 4 மீட்டரிலிருந்து நாலரைதான். ஒரு பொருள் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதே பாதி விடை.

உச்சியில் இருந்த மற்ற இரண்டும் சுலபம். மூன்று கிண்ணமும் ஒரு வாலும் சுற்றுவது காற்றுமானி. தட்டு மாதிரி வட்டமாக இருந்தது டிவி ஆண்டெனா. கேபிளைத் தொடர்ந்து போனால் 75 ஓம், நடுவில் 12 வோல்ட் ஆம்ப்ளிஃபயர். பாதி உயரத்தில் இருந்த வெள்ளை உருளைக்கு வயரே இல்லை. அது ஆண்டெனா இல்லை, பெரிய கப்பல்களின் ரேடாரில் நம் படகு தெரியவேண்டும் என்பதற்காக வைக்கும் எதிரொளிப்பான். வயர் இல்லாததால் வேண்டாத பொருள் என்று அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

இப்போது அந்த இரண்டரை மீட்டர் கம்பிக்கு வருகிறேன். இந்தப் படகிலேயே எனக்கு மிகவும் பிடித்துப்போன பொருள் அது. ஃபைபர் விசைப்படகுகளில் வி.எச்.எஃப். ஆண்டெனா இதே நீளத்தில், இதே வெள்ளையில் இருக்கும். அதனால்தான் ஏமாந்தேன். வித்தியாசம் அடியில் இருக்கிறது. வி.எச்.எஃப். என்றால் கம்பியின் அடியிலிருந்து கேபிள் நேராக வெளியே வரும். இதிலோ கம்பியின் கீழே கைப்பிடி அளவில் ஒரு தடித்த உருளைப் பெட்டி இருந்தது. அதன் அடியிலிருந்து கேபிளும், தனியாக ஒரு தரை வயரும் கிளம்பின. உள்ளே இருப்பது சின்ன ஆம்ப்ளிஃபயர். இது லோரான்-சி ஆண்டெனா. ஜி.பி.எஸ். பரவுவதற்கு முன், கரைக் கோபுரங்களின் ரேடியோ சிக்னலை வைத்துக் கடலில் இடம் கண்டுபிடித்த முறை அது.

லோரான்-சி ஓடியது 100 கிலோஹெர்ட்ஸில். அதே கணக்கைப் போடுங்கள்: அலைநீளம் 3,000 மீட்டர். மூன்று கிலோமீட்டர் அலைக்குப் பொருத்தமாக எந்தப் படகில் கம்பி நட முடியும்? முடியாது என்று தெரிந்தே இரண்டரை மீட்டரோடு நிறுத்திக்கொண்டு, கிடைத்த சொற்ப சிக்னலை அடியிலேயே பெருக்கிக் கீழே அனுப்பினார்கள். கணக்கு புரிந்த பிறகு அந்தப் பெட்டியைப் பார்க்கும்போது எனக்கு அதைச் செய்தவர்கள் மேல் மரியாதை வந்தது.

கரையில் ஒன்றுக்கொன்று பல நூறு கிலோமீட்டர் தள்ளி நின்ற கோபுரங்கள் துல்லியமான நேர இடைவெளியில் துடிப்புகளை அனுப்பும். தலைமைக் கோபுரத்தின் துடிப்பு வந்ததற்கும் துணைக் கோபுரத்தின் துடிப்பு வந்ததற்கும் இடையிலான நேரத்தைப் படகில் இருக்கும் பெட்டி மைக்ரோவினாடியில் அளக்கும். ஒரு ஜோடிக் கோபுரம் ஒரு கோட்டைத் தரும், இன்னொரு ஜோடி இன்னொரு கோட்டை. இரண்டும் வெட்டும் இடத்தில் நீங்கள். ஆரம்பகாலப் பெட்டிகள் அட்சரேகை, தீர்க்கரேகை எதையும் காட்டாது. அந்த இரண்டு நேர வித்தியாசங்களை மட்டுமே காட்டும். அவற்றை லோரான் கோடுகள் அச்சிட்ட வரைபடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

அண்ணன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு மேசை மூடி ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் திறந்தேன். ஐந்து இலக்கம், ஒரு புள்ளி, அப்புறம் ஒரு இலக்கம். பக்கத்தில் இன்னொன்று, அதே மாதிரி. போன் நம்பர் இல்லை. ஒவ்வொரு வரியும் கடலில் ஓர் இடம். சில வரிகளின் ஓரத்தில் சின்னதாகக் குறிப்பும் இருந்தது: "பாறை", "மிதவை", "நல்ல நங்கூரம்" என்ற பொருளில் ஒரு சொல்.

அந்த எண்களுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்றும் அண்ணன் விளக்கினார். லோரான்-சி சொல்லும் இடம் உண்மையான இடத்திலிருந்து கால் கடல் மைல் வரை விலகியிருக்கலாம். ஆனால் ஒருமுறை போன இடத்துக்கே அதே எண்களைப் பிடித்துத் திரும்பி வந்தால் 18 முதல் 90 மீட்டருக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதனால் மீனவர்களும் படகோட்டிகளும் இந்த எண் ஜோடிகளைச் சொத்து மாதிரி நோட்டில் எழுதிக் காத்தார்கள். அமெரிக்கா தன் லோரான்-சி ஒலிபரப்பை 2010 பிப்ரவரி 8 அன்று நிறுத்தியது. மேற்கு ஐரோப்பாவில் 2015 முடிவோடு நின்றது. என் படகின் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தால் இன்றும் விளக்கு எரிகிறது. கேட்பதற்குக் கோபுரம்தான் இல்லை.

அதே தலைமுறைப் பெட்டிகள் வேறும் உண்டு. டெக்கா 2000-இல் ஐரோப்பாவில் மூடப்பட்டது. ஒமேகா 1997-இல் நின்றது. ஜி.பி.எஸ்ஸுக்கு முந்திய டிரான்சிட் செயற்கைக்கோள் முறை 1996 முடிவோடு வழிகாட்டும் வேலையிலிருந்து விடுபட்டது. பழைய பெட்டியின் முகப்பில் "சாட்நாவ்" என்று இருந்து ஜி.பி.எஸ். என்ற சொல்லே எங்கும் இல்லையென்றால் அது பெரும்பாலும் டிரான்சிட். ஒரு இடக்கணக்கு கிடைத்து அடுத்தது கிடைக்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் காத்திருந்திருக்கிறார்கள். மேலே சுற்றும் வளையத்தோடு ஒரு ரேடியோ கிடைத்தால் அது திசை காட்டும் ரேடியோ. வளையத்தைத் திருப்பிச் சத்தம் எங்கே அமுங்குகிறதோ அதை வைத்துக் கலங்கரை விளக்கத்தின் ரேடியோ எந்தத் திசையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள்.

பின்பக்கக் கம்பியில் மீதியிருந்த மூன்றும் வெள்ளைக் காளான்கள். கொஞ்சம் பெரிசு சின்னசு, அவ்வளவுதான். ஒன்று ஜி.பி.எஸ். இன்னொன்று நாவ்டெக்ஸ் வாங்கியின் ஆண்டெனா. 518 கிலோஹெர்ட்ஸில் வரும் வானிலை, எச்சரிக்கைச் செய்திகளை அது பிடிக்கும், கீழே ஒரு பெட்டி அதை வெப்பக் காகிதச் சுருளில் அச்சிடும். சுருளின் கடைசித் துண்டு இன்னும் பெட்டியின் வாயில் தொங்கியது. எழுத்து மங்கி வெற்றுத்தாளாகிவிட்டிருந்தது. மூன்றாவது, 300 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய கரை நிலையங்களிலிருந்து ஜி.பி.எஸ். திருத்தங்களை வாங்கும் டிஃபரன்ஷியல் ஆண்டெனா. ஜி.பி.எஸ்ஸில் வேண்டுமென்றே கலந்துவைத்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கியதும் அதன் அவசியம் பாதி போய்விட்டது. அமெரிக்கக் கரை நிலையங்களும் 2020-இல் மூடப்பட்டன.

காளான்களில் ஓர் எச்சரிக்கை. பல ஜி.பி.எஸ். காளான்களுக்குள் ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அதற்கான மின்சாரம், பெரும்பாலும் 5 வோல்ட், கேபிளின் நடுக்கம்பி வழியாகவே மேலே போகும். கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காக அந்தக் கேபிளில் 25 வாட் வி.எச்.எஃப். ரேடியோவை மாட்டிப் பேசினால் காளான் செத்துவிடும், ரேடியோவும் தப்பாது.

பழைய ஜி.பி.எஸ்ஸை ஒரு மாலையில் இயக்கிப் பார்த்தோம். திரையின் ஓரம் கறுத்திருந்தது. பொத்தான்களின் ரப்பர் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. உள்ளே இருந்த ஞாபக பேட்டரி தீர்ந்துபோனதால் தான் எங்கே இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியவில்லை. செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையை வானத்திலிருந்து இறக்கவே பன்னிரண்டரை நிமிடம் வேண்டும். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தோம். இடம் வந்திருந்தது. படகுத்துறையின் எண்களோடு மிகச் சரியாகப் பொருந்தியது. ஆனால் தேதி கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால் நின்றது.

பழுது இல்லை அது. ஜி.பி.எஸ். வாரங்களை எண்ண பழைய முறையில் 10 பிட் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். 1,024 வாரம் ஆனதும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 1999 ஆகஸ்ட்டில் ஒரு முறையும் 2019 ஏப்ரலில் ஒரு முறையும் அப்படி நடந்தது. இடத்தைக் கணக்கிட வாரத்துக்குள் ஓடும் நேரமே போதும், அதனால் இடம் தப்பாது, தேதி மட்டும் பின்னால் ஓடும். இது தெரியாமல் நல்ல கருவியைத் தூக்கி எறிந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ஆனால் ஓதநேரமோ சூரிய அஸ்தமனமோ அந்தப் பெட்டி சொன்னால் நம்பக்கூடாது. தேதியை வைத்துத்தான் அது அவற்றைக் கணிக்கிறது.

வெள்ளைக் குடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரேடாரும் செயற்கைக்கோள் டிவியும் தூரத்திலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். தட்டையாகப் பானை மூடி போல இருந்தால் ரேடார், உருண்டு திரண்டு உயரமாக இருந்தால் டிவி அல்லது செயற்கைக்கோள் போன். என்னுடையது ரேடார். கீழே ரப்பர் முகமூடி வைத்த கண்ணாடிக் குழாய்த்திரை அதற்குச் சாட்சி. பழைய ரேடாரில் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட் போகிறது. அணைத்த பிறகும் அந்தப் பெட்டிகளுக்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். குழாய்த்திரையும் அப்படியே. இதை மட்டும் நாங்கள் திறக்கவில்லை. அந்த வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டோம்.

எஃகு வடத்தில் இருந்த இரண்டு கொட்டைகளும் இன்சுலேட்டர்கள். அவற்றுக்கு நடுவில் இருக்கும் வடமே நீண்டதூர எஸ்.எஸ்.பி. ரேடியோவின் ஆண்டெனா. கீழ் இன்சுலேட்டருக்கு மேலே தடித்த உறையோடு ஒற்றை வயர் ஒன்று வடத்தோடு கட்டியிருந்தது. அது பின்பக்க அலமாரிக்குள் இருந்த, ரேடியோவையும் ஆண்டெனாவையும் ஒத்துப்போக வைக்கும் டியூனருக்கு இறங்கியது. அங்கிருந்து கையகல செம்புத் தகடு ஒன்று படகின் அடிக்கு ஓடியது. முந்தைய உரிமையாளர் யாரோ அந்தத் தகட்டைப் பாதியில் வெட்டிவிட்டு அதன்மேல் தண்ணீர் பம்ப் பொருத்தியிருந்தார். வெறும் தகடு, எதற்கும் ஆகாது என்று நினைத்திருப்பார். அந்தத் தகடுதான் ஆண்டெனாவின் மறுபாதி. அது இல்லாமல் ரேடியோ பேசினாலும் குரல் போய்ச்சேராது. இந்த ரேடியோ பேசும்போது வடத்தைத் தொட்டால் கை சுட்டுவிடும், குழந்தைகள் படகில் இருந்தால் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

கடைசியில் வி.எச்.எஃப். கேபிளையே சரிபார்த்தோம். மல்டிமீட்டரை வைத்தால் நடுக்கம்பிக்கும் வெளி வலைக்கும் நடுவே ஷார்ட் காட்டியது. கேபிள் போச்சு என்றேன். அண்ணன் இல்லை என்று தலையாட்டினார். பல கடல் ஆண்டெனாக்களில் அடியில் ஒரு சுருள் இருக்கும், நேர்மின்சாரத்துக்கு அது ஷார்ட்டாகத்தான் தெரியும். மேலே ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு அளந்தால்தான் கேபிளின் நிலை புரியும். அப்புறம், அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை இடையில் மாட்டிப் பேசிப் பார்த்தோம். 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. முள் 3-இல் போய் நின்றது. அனுப்பியதில் கால்வாசி சக்தி திரும்பி வருகிறது என்று பொருள்.

இரண்டு முனையும் 50 ஓம் கேபிள்தான், அது எங்களுக்குத் தெரியும். குற்றவாளி நடுவில் இருந்தது. பாய்மரம் நிற்கும் இடத்தின் அடியில், கறுப்பு நாடா உருட்டிய ஒரு கட்டியைப் பிரித்தேன். பசை உருகித் தார் மாதிரி இழுத்தது. உள்ளே ஒரு முழ நீளத்துக்கு டிவி கேபிளை வைத்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். செம்பு வலை முழுக்கப் பச்சைக் களிம்பு, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. மீதிக் கேபிளோ ஆர்.ஜி.58. இந்த அலைவரிசையில் இருபது மீட்டர் ஆர்.ஜி.58-இல் பாதிக்கு மேல் சக்தி வழியிலேயே கரைந்துவிடும். உச்சி வரை ஆர்.ஜி.213 புதிதாக இழுத்தோம். பழைய கேபிளின் நுனியில் நூலைக் கட்டி, அதை உருவும்போதே புதியது மேலேறும்படி செய்தோம். முள் 1.3-க்கு இறங்கியது. பக்கத்துப் படகுகளோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த ரேடியோவுக்கு, தொடுவானத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்த ஒரு கப்பல் அன்று மாலை பதில் சொன்னது.

டிவித் தட்டு, டிஃபரன்ஷியல் காளான், லோரான் கம்பி மூன்றையும் கழற்றினோம். மின்பலகையில் அவற்றின் ஃபியூஸ் எங்கே என்று பார்த்து, வயர்களை முழுதாக உருவி எடுத்தோம். பாதியில் வெட்டி விட்டால் அடுத்தவர் இன்னொரு மாலையைத் தரைப்பலகைக்கு அடியில் கழிக்கவேண்டியிருக்கும். ஆபத்துச் சமிக்ஞைக் கருவி ஒன்றும் அலமாரியில் இருந்தது. அது 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும் பழைய வகை. அந்த அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு கேட்பதை நிறுத்திவிட்டன. வெளியே மஞ்சள் நிறத்தில் புத்தம் புதிதாகப் பளபளத்தது. அதை நம்பி யாரும் கடலுக்குப் போகக்கூடாது. 406 மெகாஹெர்ட்ஸ் கருவி வாங்கி என் பெயரில் பதிவு செய்தேன்.

போன மாதம் வரைபட மேசையைத் தேய்த்து வார்னிஷ் அடித்தேன். மூடியின் உள்பக்கத்தில் மட்டும் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு மற்ற இடங்களில் அடித்தேன். காய்ந்ததும் காகிதத்தை உரித்துப் பார்த்தேன். பதினெட்டு வரியும் இருந்தது. பழைய லோரான் வரைபடம் ஒன்றை அண்ணன் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்திருக்கிறார். இதுவரை ஏழு வரிகளை அதில் குறித்துவிட்டோம். "நல்ல நங்கூரம்" எங்கே என்று இப்போது தெரியும்.